நெட்டையும் குழிக்கன்னமும்

நெட்டைக்குக் கல்யாணமாம் என்று, கூட வேலை பார்க்கிறவள், நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிறவள், வந்து சொன்னபோது என் கையிலிருந்த படுக்கை விரிப்பின் முனை நழுவித் தரையைத் தொட்டது. தரையைத் தொட்ட துணி மறுபடியும் சலவைக்குப் போக வேண்டும். மறுமுனையைப் பிடித்திருந்த ஆமை அக்கா தன் பக்கத்தையும் கீழே விட்டாள். இனி சூப்பர்வைசர் பார்த்தாலும் திட்டு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

"எந்த நெட்டைக்கு?" என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த நெட்டை ஒருத்தன்தான். இருந்தும் கேட்டேன்.

"உன் சித்தப்பா மகனுக்கு! எந்த நெட்டையாம். நம்ம நெட்டைதான். காலைல டிவில காட்டுனாங்க. பொண்ணு யாரோ நடிக்கிறவளாம், மோதிரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுறா. ஏன்டி, நேத்துதானே வீட்டுச் சாவிய குழிக்கன்னத்து கையில குடுத்து, இனிமே இது நம்ம வீடுன்னான்? நீதானே படிச்ச?"

நான்தான் படித்தேன்.

ஓட்டல்களின் விரிப்பும் துண்டும் வந்து குவிகிற சலவை ஆலை எங்களுடையது. துவைக்கவும் உலர்த்தவும் இயந்திரம் உண்டு. பெரிய விரிப்பை மடிக்க மட்டும் இன்னும் இரண்டு ஆள் வேண்டும். என் பிள்ளைகள் படித்து முடித்த பிறகுதான் நான் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். மகள் புதுப் போன் வாங்கியபோது பழையதை என் பக்கம் தள்ளிவிட்டாள். அதைத் திறந்ததும் ஒரு பக்கம் அப்படியே நின்றது. விரலை வைத்துப் படித்தேன். ஐந்து பையன்கள் சேர்ந்து பாடி ஆடுகிற அந்தக் குழுவைப் பற்றி எழுதியிருந்தது. ஷாம்பு பாக்கெட்டிலிருந்து பள்ளிக்கூடப் பை வரை அவர்கள் முகம்தான் எங்கும். பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்புவதும், அதை மற்றவர்களிடம் மறைக்கப் படாத பாடு படுவதும்தான் பக்கம் பக்கமாக இருந்தது. அவர்கள் பெயர்கள் என் நாக்கில் நிற்காததால் ஒருவன் நெட்டை, சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறவன் குழிக்கன்னம் என்று வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் அதைச் சத்தமாகப் படிப்பது வழக்கமானது. குழிக்கன்னத்துக்குக் காய்ச்சல் வந்து நெட்டை கச்சேரிக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிய இடத்தில், "ரெண்டும் ஆம்பளப் பசங்களாச்சே" என்று ரேடியோ முகத்தைச் சுளித்தாள். ஆமை அக்கா வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவள். அன்றைக்கு, "காய்ச்சலுக்கு அதெல்லாம் தெரியுமா? மேல படி" என்றாள். அதன்பின் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள், காய்ச்சல் விட்டதா என்று முதலில் கேட்டவளே ரேடியோதான்.

செய்தி என்றுதான் படித்தேன். செய்தி என்றுதான் கேட்டார்கள். ஆலையில் மருந்து டப்பாவில் ஒட்டிய சீட்டு, வாசலில் ஒட்டும் அறிவிப்பு, வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் மிரட்டல், எதுவானாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். கொஞ்சம் படிக்கத் தெரிந்த வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் நான் விரல் வைத்துப் படிப்பதால் ஒன்றும் தவறிப் போகாது என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் கேட்டேன். "நெட்டை இப்படிப் பண்ணலாமா?"

யார், என்ன என்று விளக்கியதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, அது ரசிகைங்க எழுதுற கதைம்மா! இவனுக்கு இவன்னு நாங்களே ஜோடி சேத்துக்குவோம்."

"அவனுங்களக் கேக்காமலா?"

"கேட்டா அப்புறம் எதுக்கு கதை? மேலேயே போட்டிருக்கே, முழுக்கக் கற்பனைன்னு. பாக்கல?"

போனை வாங்கிக் காட்டினாள். தலைப்புக்கு மேலே, எறும்பு வரிசை போல ஒரு வரி. வகுப்பில் டீச்சர் பெரிய எழுத்திலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தார். பொடி எழுத்து பணம் பண்ணுகிறவர்களுக்கு உள்ளது, நமக்கில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டு அதையெல்லாம் தாண்டிவிடுவது வழக்கம்.

மகளின் சிரிப்பு மெல்ல நின்றது. "நீயாவா இவ்வளவையும் படிச்ச? எல்லா பாகமுமா?"

"எல்லாம்."

அவள் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் அந்த ஜோடி இல்லம்மா. நெட்டைக்கு அந்தச் சுருட்டை முடிக்காரன்தான் ஜோடின்னு சொல்ற கட்சி நான்."

"சுருட்டையா? போயும் போயும் அவனையா? குளிச்சிட்டு ஈரத்துண்ட தரையில போட்டுட்டுப் போறவன்டி அவன்!"

"அதுவும் கதையில வந்ததுதாம்மா."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் துண்டு விஷயத்தில் அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காலையில் பேருந்தில் போகும்போது சிரிப்பெல்லாம் வடிந்திருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். நெட்டை ஏமாற்றிவிட்டான், கதை முடிந்தது என்று போனை மூடி வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னால் இனி யார் என்னிடம் ஒரு சீட்டை நீட்டுவார்கள்? கதையைச் செய்தி என்று படித்தவள், அறிவிப்பை எப்படிப் படிப்பாளோ என்றுதானே நினைப்பார்கள்.

விரிப்பு மடிக்கும்போது முழுப் பேச்சு பேச முடியாது. ஆளுக்கொரு முனையாக விலகி நின்று உதறும்போது நடுவில் இயந்திரச் சத்தம்தான் இருக்கும். முனையோடு முனை சேர்க்க நெருங்கி வரும்போது மட்டும் முகத்துக்கு முகம் ஒரு சாண். அந்த நேரத்துக்குள் ஒரு வாக்கியம்தான் போகும்.

"அக்கா, அது நெஜம் இல்ல" என்றேன். விலகினோம், உதறினோம்.

"எது?" நெருங்கியபோது கேட்டாள்.

அடுத்த விரிப்பில், "நெட்டை கதை. யாரோ ரசிகை எழுதுனதாம். நான் புரியாம படிச்சிட்டேன்."

அவள் கைக்கு முனை மாறியது. "தெரியும்."

நான் முனையோடு அங்கேயே நின்றுவிட்டேன். அவள் இழுத்த பிறகுதான் கால் நகர்ந்தது. அடுத்த நெருக்கத்துக்கு வழக்கத்தைவிட வேகமாகப் போனேன். "எப்படித் தெரியும்?"

"சாத்துன ரூம்ல ரெண்டு பேர் பேசுனத எவ ஒட்டுக்கேட்டு எழுதுவா?"

விலகி, உதறி, மறுபடி நெருங்கினோம். "ஏன்க்கா சொல்லல?"

"நீ நிறுத்திடுவியே" என்றாள். மடித்ததை அடுக்கில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, "எனக்குன்னா பரவால்ல. அவளுங்க நம்புறாளுங்க. சொல்லிடு" என்றாள்.

சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன். ரேடியோ எழுந்து நின்றாள்.

"காய்ச்சல்?"

"கற்பனை."

"சாவி?"

"அதுவும்."

"அந்தக் காய்ச்சலுக்கு நான் வேண்டிக்கிட்டேன்டி! என் புருஷனுக்குக்கூட வேண்டாதவ!"

"வீண் போகலையே. காய்ச்சல் விட்டுடுச்சுல்ல" என்றாள் ஆமை அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோ சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இது? காலைல ஒண்ணுன்னு நீ படிச்சுச் சொல்லித்தான் முழுங்கிட்டு இருக்கேன். இதுவும் கற்பனையா?"

பயந்தது வந்துவிட்டது. சிரித்தவர்களும் டப்பாவையே பார்த்தார்கள். நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பெரிய எழுத்தோடு நிற்காமல், அடியில் இருந்த பொடி எழுத்திலும் விரலை வைத்து, உதடு அசைய, அவசரப்படாமல் படித்தேன். "காலையில் ஒன்று. உணவுக்குப் பின்."

"உணவுக்குப் பின்னா? இத இதுவரைக்கும் நீ சொன்னதே இல்லையே!"

"பொடி எழுத்து வரைக்கும் நான் போனதில்ல."

"பாவி. வயித்தெரிச்சல் வயித்தெரிச்சல்னு நான் என் மாமியாரத் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, கவிழ்த்த கூடையின் மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

யாரோ, "அப்ப இனிமே ஒண்ணும் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். போனைத் திறந்தேன். புதுப் பாகம் வந்திருந்தது. இந்தத் தடவை மேலேயிருந்த எறும்பு வரிசையிலிருந்து தொடங்கினேன். "இது முழுக்கக் கற்பனை. கல்யாணச் செய்தியை நானும் பார்த்தேன். அவர்கள் இருவரும் நன்றாக இருக்கட்டும். ஆனால் என் கதையில் குழிக்கன்னம் இன்னும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான்."

அவன் உண்மையான பெயர்தான் எழுதியிருந்தது. நான் குழிக்கன்னம் என்று மாற்றிப் படித்தேன்.

ரேடியோ படக்கென்று எழுந்தாள். போகிறாள் என்று நினைத்தேன். படிப்பதை நிறுத்தினேன். அவள் சுவரோரம் போய், என் குரலை அமுக்கித் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறியை அணைத்துவிட்டு, திரும்பி வந்து அதே கூடையில் அதே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாகி நின்றன. கொதிகலனின் வெக்கை வந்து எங்கள்மேல் அமர்ந்தது. அவள் பின்கழுத்தில் வியர்வை துளிர்த்து, கோடாகி, ரவிக்கைக்குள் இறங்கியது. ஒருத்தரும் விசிறியைப் போடச் சொல்லவில்லை. நான் அடுத்த எழுத்தின் கீழ் விரலை வைத்தேன்.