பெட்டிக்கு ஒரு வாய்

ரமோனா அம்மாவின் கறுப்பு உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இடது கைமடிப்பை நீவும்போது கொல்லைப்பக்கத்துக் கார் கொட்டகையில் ரம்ப மெஷின் ஓடத் தொடங்கியது. எழுந்து போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை அவளுக்கு. முக்கால் அங்குல பிளைவுட். நேராக அறுக்கவில்லை, வட்டமாக அறுக்கிறார்கள். பிளேடு மழுங்கியிருக்கிறது. அந்த மரத்தில் செய்த சாமான் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மணி எட்டு. பதினொன்றுக்கு சாந்தா க்ரூஸ் கோயிலில் அப்பாவுக்குப் பூசை, அதன் பிறகு அடக்கம். எதிர் நாற்காலியில் உள்பாவாடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எலுபியாவுக்கு மெஷின் சத்தம் கேட்கவில்லை. கடந்த ஆறேழு வருஷமாகவே காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் அவளுக்கு எதுவும் கேட்கும். ரமோனா இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனாள்.

அப்பாவின் மரமேசையில் அவருடைய ஸ்பீக்கர் பெட்டி மல்லாந்து கிடந்தது. அவருடைய இம்பாலா காரின் டிக்கியிலிருந்து அதைக் கழற்றி எடுத்திருந்தார்கள். அதற்குள் இருக்கவேண்டிய, தாழ்ந்த சுரம் பாடுகிற ஊஃபர் ஸ்பீக்கர் இரண்டும் ஒரு பழைய போர்வையின் மேல் கவிழ்ந்து கிடந்தன. அவளுடைய தம்பி லீராய், வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். அப்பாவின் கார் சங்கத் தலைவரும் லீராயின் ஞானத்தகப்பனுமான ஒனேசிமோ பெட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். அவளைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். தகரச் சாமானைத் திருடும்போது பிடிபட்ட ஆள் மாதிரி இருந்தது அவர் நின்ற விதம்.

வட்டத் துண்டு கீழே விழுந்தது. லீராய் மெஷினை நிறுத்தினான்.

"என்னடா பண்றே?"

"பாத்தா தெரியலையாக்கா? ஓட்டை போடறேன்."

நியூ மெக்சிகோவில் எஸ்பனோலாப் பக்கத்தில் கட்சிச் சண்டையால் பிரிந்த குடும்பங்கள் உண்டு, நிலத் தகராறில் பிரிந்த குடும்பங்கள் உண்டு. அப்பா எலோயின் வீட்டில் பிரிவினை வந்தது ஊஃபர் பெட்டியால். வாரத்தில் ஐந்து நாள் அவர் மலைமேல் தச்சுவேலைக்குப் போவார். சனி, ஞாயிறு இந்தக் கொட்டகையில் பெட்டி செய்வார். நாலு பக்கமும் மூடின பெட்டிதான் செய்வார். ஓட்டை போட்டு வாய் வைத்த பெட்டி கேட்டு வந்தவனைப் படலோடு திருப்பி அனுப்பிவிடுவார். மூடின பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி ஊஃபரைப் பிடித்து வைத்திருக்கும், தந்தியில் விரல் பட்ட இடமும் விட்ட இடமும் தனித்தனியாகக் கேட்கும் என்பார். ஓட்டை வைத்தால் சத்தம் இரண்டு மடங்குதான், யார் இல்லை என்றது, ஆனால் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுமே தவிர பாட்டு எங்கே இருக்கும் என்று கேட்பார். அந்தப் பெட்டிகளுக்கு அவர் வைத்த பெயர் வாயாடிச்சி.

லீராய் இருபது வயதில் தன் டிரக்கில் ஒரு வாயாடிச்சியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். வண்டியை முற்றத்தில் நிறுத்தக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியானால் நானும் வரவில்லை என்று அவன் அல்புகர்கிக்குப் போய் டயர் கடையில் சேர்ந்துவிட்டான். பெட்டி செய்யக் கற்றுக்கொண்டது ரமோனா. பசை காயும்வரை பொறுத்திருக்கும் குணம் அவளுக்கு இருந்தது. காற்று கசிகிறதா என்று சோப்புத்தண்ணீர் தடவி மூலை மூலையாகப் பார்ப்பாள். மேசையில் இப்போது கிடக்கிற பெட்டியை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் அவளுமாகச் செய்தார்கள். அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி குடிக்கப் போனார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

"அப்பா பெட்டில கைய வைக்க ஒனக்கு யார்றா சொன்னா?"

"அப்பாதான் சொன்னாரு."

அவள் குனிந்து கீழே கிடந்த வட்டத் துண்டை எடுத்தாள்.

"நெஜமாத்தான்க்கா. மூணு வாரம் முந்தி, ஞாயித்துக்கெழமை. நீ மருந்து வாங்கப் போயிருந்தே. நான் போற அன்னிக்கு வண்டி நல்லா சத்தமா போகணும், ஒரு ஓட்டை போட்டுடுன்னாரு."

"ஒங்கிட்ட."

"ஆமா, எங்கிட்ட. ஏன், நானும் புள்ளதானே?"

நாலு வருஷம். ஆக்ஸிஜன் குழாயை மாற்றியது அவள். ராத்திரி இருமலுக்கு எழுந்தது அவள். குளிப்பாட்டும்போது அவர் வெட்கப்படக்கூடாதே என்று சுவரைப் பார்த்துக்கொண்டே குளிப்பாட்டியது அவள். இவன் ஞாயிற்றுக்கிழமை மகன். வறுத்த கோழிப் பொட்டலத்தோடு மத்தியானம் வருவான், பந்தாட்டம் பார்ப்பான், வெயில் தாழ்ந்ததும் போய்விடுவான். அப்பா அவளிடம் கடைசி மாதத்தில் சொன்னதெல்லாம் ஜன்னலைத் திற, ஜன்னலைச் சாத்து என்பதுதான்.

"பொய் சொல்றே" என்றாள்.

லீராய் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தான். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "நீயும் இந்தப் பெட்டி மாதிரியேதான்க்கா. பசைய ஊத்தி, திருகப் போட்டு, காத்துகூட வெளிய வராது. ஒங்கிட்ட யாரு எதைச் சொல்லுவா?"

பாவம், ஒனேசிமோ குறுக்கே வந்தார். இன்றைக்கு வேண்டாம் பிள்ளைகளா, அவர் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை என்றார். ஓட்டையில் செருகுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழல் மேசையில் இருந்தது. கடையில் விற்கிற குழல், ஒரு சாண் நீளம்கூட இல்லை. ரமோனா அதைப் பார்த்தாள். லீராய்க்குப் பெட்டி வாங்கத் தெரியும், செய்யத் தெரியாது. வாய் வைப்பதென்றால் பெட்டியே இன்னும் பெரிதாக இருக்கவேண்டும். குழலின் நீளத்துக்குக் கணக்கு இருக்கிறது. கணக்கில்லாமல் குத்தின ஓட்டையில் தாழ்ந்த சுரம் வரும்போது ஊஃபரைப் பிடித்துக்கொள்ளக் காற்று இருக்காது. காகிதக் கோன் இருக்கிற இடத்தைவிட்டு எகிறி எகிறி அடிக்கும். கொஞ்ச நேரம் பிரமாதமாக இருக்கும். அப்புறம் கிழிந்துவிடும்.

இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவள் வீட்டுக்குள் திரும்பிப் போய் இஸ்திரியைக் கையில் எடுத்தாள்.

பூசை நல்லபடியாக நடந்தது. ஜனம் நிறைய. சாமியார் அப்பாவின் பெயரை இரண்டு தரம் சரியாகவும் ஒரு தரம் தப்பாகவும் சொன்னார். ஒனேசிமோ எழுந்து இரண்டு வார்த்தை பேசினார். எலோய் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை, அவர் பெட்டி பேசும் என்றார். கூட்டம் லேசாகச் சிரித்தது. முன் வரிசையில் அம்மா சிரிக்கவில்லை. என்ன சொன்னார் என்று ரமோனாவைப் பார்த்தாள். அப்புறம் சொல்கிறேன் என்று ரமோனா கைகாட்டினாள்.

கோயில் வாசலில் சங்கத்து வண்டிகள் பதினேழு, கழுவித் துடைத்து, தரையோடு தரையாகப் பதிந்து வரிசைகட்டி நின்றன. முன்னால் சவ வண்டி. அதன் பின்னால் அப்பாவின் பச்சை இம்பாலா, அதை லீராய் ஓட்டவேண்டும். அதற்குப் பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு ரமோனாவின் வண்டி. மலர்வளையங்கள் மிச்சம் இருந்தன. லீராய் சாவியை அவளிடம் கொடுத்து, இதையெல்லாம் டிக்கியில் வைத்துவிடு என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டிருந்த யாரையோ கட்டிப்பிடிக்கப் போனான்.

டிக்கியைத் திறந்தாள். பெட்டி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, நடுவில் கறுப்பாக ஒரு வாயோடு. அறுத்த விளிம்பை உப்புத்தாள்கூடப் போட்டுத் தேய்க்கவில்லை. பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர். அதன் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. தாழ்ந்த சுரத்தை வெட்டிவிடுகிற திருகு. மூடின பெட்டிக்கு அது தேவையே இல்லை, அதனால் அப்பா அதை ஒருநாளும் தொட்டதில்லை. வாய் வைத்த பெட்டிக்கு அது இல்லாமல் ஆகாது. கால் சுற்றுத் திருப்பினால் போதும், சத்தமும் இருக்கும், ஊஃபரும் பிழைக்கும். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

ரமோனா கட்டைவிரல் நகத்தைத் திருகின் பள்ளத்தில் வைத்தாள்.

அறுத்தது அவன். அப்பா சொன்னார் என்று ஊரெல்லாம் சொல்லுவான். சரி, கேட்கட்டும். முப்பது வருஷம் அப்பா சொன்னது என்ன, இவன் செய்தது என்ன என்று நாற்பது வீட்டு ஜனம் தெருவில் நின்று கேட்கட்டும். நகத்தை எடுத்துவிட்டாள். மலர்வளையங்களைப் பெட்டியில் படாமல் ஓரமாக அடுக்கி டிக்கியைச் சாத்தினாள். சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது லீராய் அவள் தோளைத் தொட்டு, தேங்க்ஸ்க்கா என்றான்.

வண்டிகள் நடை வேகத்தில் நகர்ந்தன. பாலம் தாண்டி ரிவர்சைட் சாலையில் ஏறியதும் லீராய் பாட்டைப் போட்டான். அப்பா எப்போதும் போடுகிற பழைய பாட்டுதான், கனத்த கிடாரும் ஒரு ஆண்குரலும். ஆனால் இப்படி அவள் கேட்டதில்லை. சத்தம் காதால் வரவில்லை. ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்தது, இருக்கை வழியாக முதுகுக்கு வந்தது. சாலையோரத்து டயர் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அம்மா பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தாள். கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் உதடு பாட்டோடு அசைந்தது.

"கேக்குது மிஹா, எம் பொண்ணே" என்றாள். "எல்லாம் கேக்குது. ஒங்கப்பா சொன்ன மாதிரியே."

ரமோனா அவள் பக்கம் சாய்ந்து, அப்பா என்ன சொன்னார் என்று கத்திக் கேட்டாள்.

"பெட்டில ஓட்டை போடணும்னுதான். மூடின பெட்டி சத்தம் ஒனக்கு எட்டாதுடி, கடைசி ஊர்வலத்துல ஒனக்குக் கேக்கலன்னா நான் எதுக்குப் போறதுன்னாரு. கிறுக்கு மனுஷன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? நான் ரெண்டே நாள்ல நல்லா செஞ்சு குடுத்திருப்பேனே."

அம்மாவுக்குப் பாதி கேட்டிருக்கும். மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"நானும் அதான் சொன்னேன், ரமோனாகிட்ட கேளுங்கன்னு. வேணாம்னுட்டாரு. அவகிட்ட கேக்க எனக்கு பயமா இருக்கு, நான் சொன்னதையே எடுத்து என் வாயில அடிப்பான்னாரு." அம்மா சிரித்தாள். "ஒன்னைக் கண்டா அவருக்கு பயந்தான், தெரியுமா? அவரைக் கண்டு நாங்க பயந்த மாதிரி."

கிடாரின் அடித்தந்தி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சரணம் முடிந்து அடுத்ததில் அது ஒரு படி தாழ்ந்து அங்கேயே நிற்கும். ரமோனாவுக்கு அந்த இடம் தெரியும். அப்பா அந்த இடத்தை வைத்துத்தான் ஒவ்வொரு பெட்டியையும் சோதிப்பார். கைப்பேசியை எடுத்து லீராயைக் கூப்பிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் எந்த மணி கேட்கும்? விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். நடுப்பகல் வெயிலில் அது தெரியவில்லை. கடைசியில் ஹாரனை அழுத்தினாள். மூன்று தரம், நாலு தரம், விடாமல்.

பின்னால் வந்த ஒனேசிமோவும் ஹாரன் அடித்தார். மகள் அப்பனுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்திருப்பார். அவருக்குப் பின்னால் பதினாறு வண்டியும் அடித்தன. சாலையோரத்து ஜனம் கைதட்டியது. முன்னால் லீராய் ஜன்னல் வழியாக ஒரு கையை வெளியே நீட்டி, அக்கா கடைசியில் மனம் இறங்கிவிட்டாள் என்பதுபோல முஷ்டியை உயர்த்திக் காட்டினான். காட்டிவிட்டுச் சத்தத்தை இன்னும் கூட்டினான்.

இம்பாலாவின் டிக்கி மூடி துடித்தது. பெட்ரோல் பங்கின் கண்ணாடிக் கதவு கிடுகிடுத்தது. அம்மா அடுத்த கையையும் எடுத்து முன்பலகையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

தந்தி இறங்கியது.

முதலில் டப் டப் என்று மரத்தில் மரம் மோதுகிற மாதிரி. பிறகு காய்ந்த சருகை மிதிப்பது போல ஒரு கரகரப்பு, ஒன்று, உடனே இன்னொன்று. அதன்பின் பாட்டுக்கு அடிப்பாகம் இல்லை. மேலே பாடுகிறவன் குரல் மட்டும் மெல்லிசாக, தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கொஞ்ச நேரம் வந்தது. லீராய் அதையும் நிறுத்தினான். ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டயர்கள் சரளையில் உருள்கிற சத்தம் கேட்டது.

முன்னால் லீராயின் தலை ஒருமுறை திரும்பி டிக்கிப் பக்கம் பார்த்தது. பிறகு நேராகிவிட்டது.

"நின்னுடுச்சா?" என்றாள் அம்மா.

ரமோனா சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

"மிஹா, நின்னுடுச்சா, இல்ல வேற பாட்டு மாத்துறானா?"

"மாத்துறான்மா" என்று ரமோனா உரக்கச் சொன்னாள்.

அம்மா தலையாட்டினாள். கல்லறைத் தோட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மைல் இருந்தது. அவள் உள்ளங்கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை.