எழுதாமல் விட்ட வரி

பம்பாய் விக்ரோலியில் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றின் ஆபீசில் விசாலாக்ஷி தலைமை டைப்பிஸ்ட். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., சர்வீஸ் பதினெட்டு வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றில் அவளுக்குக் கீழே தற்காலிகமாக வந்து சேர்ந்தாள் செம்பூர் ஷ்யாமளா. கணிதத்தில் எம்.ஏ.; அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் கிடைத்த வேலைக்கு வந்தவள்.

மற்றப் பெண்கள் நாளைக்கு நாற்பது பக்கம் அடித்தார்கள். ஷ்யாமளா, அடிப்பதைப் புரிந்துகொண்டு அடிப்பாள், முப்பத்துநாலுதான் ஆகும். ஆனால் மற்றவர்களுடையதில் ஏழெட்டுப் பக்கமாவது பிழையென்று திரும்பி வரும். அவளுடையது ஒன்றுகூட வந்ததில்லை.

ஒருநாள், அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றியதில் பிசகு இருப்பதை ஒரு கடிதத்தில் அவள் கண்டுபிடித்தாள். அது விசாலாக்ஷி சரிபார்த்துக் கையெழுத்திட்ட கடிதம். மானேஜர் மகாதேவன் எல்லார் முன்னிலையிலும் ஷ்யாமளாவைப் பாராட்டினார். விசாலாக்ஷிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த மாதம் அவரே விசாலாக்ஷியைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அந்தப் பொண்ணை நிரந்தரம் பண்ணலாமா? எம்.ஏ. படிச்சவ டைப் அடிக்கறதுல மனசு வைப்பாளா? ரிப்போர்ட் எழுதிக் குடுங்கோ."

'தினம் முப்பத்துநாலு பக்கம். பிரிவிலேயே குறைவு' என்று விசாலாக்ஷி எழுதினாள். பொய்யில்லை. எதுவும் திரும்பி வந்ததில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

வேகம் போதாதென்று அந்தச் சனிக்கிழமையோடு ஷ்யாமளாவை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் பிழையோடு காகிதம் திரும்பி வரும்போதெல்லாம் விசாலாக்ஷிக்கு ஷ்யாமளாவின் நினைவு வரும்.

இரண்டு மாதம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் எதிரே வந்தாள் ஷ்யாமளா.

"மருந்துக் கடையில பில் போடறேன் மாமி. எம்.ஏ.ன்னு சொல்லலை. படிப்புதான் என்னை மந்தமாக்கிடுத்துன்னு தோணித்து."

விசாலாக்ஷியால் தாங்க முடியவில்லை. "இல்லேடி. நீ அடிச்சது ஒண்ணுகூடத் திரும்பி வரலை. பொறாமையில அதை நான் எழுதாம விட்டுட்டேன்."

ஷ்யாமளா கேட்டாள்: "அப்போ நான் நன்னாத்தான் வேலை பார்த்தேனா மாமி?"

"உன்னை மாதிரி அங்கே யாருமே பார்க்கலை."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஷ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சென்று போய்விட்டாள்.

மறுநாள் காலை விசாலாக்ஷி மானேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலையே போனாலும் போகட்டுமென்று துணிந்துதான் வந்திருந்தாள்.

"அந்த இடத்துக்குத்தான் ஆள் போட்டாச்சே," என்றார் மகாதேவன், ஃபைலிலிருந்து தலை நிமிராமல். "போய் வேலையைப் பாருங்கோ."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். மானேஜர் அதை மறந்தே போனார், விசாலாக்ஷியால்தான் முடியவில்லை.