தோல் உரித்த பூண்டு

இருபதே நிமிடமாம்! அதுவும் கொட்டை எழுத்தில், ஆவி பறக்கும் கிண்ணத்தின் படத்தோடு. ‘வேலைக்குப் போகும் பெண்களே, அலுத்துக் களைத்து வந்தீர்களா? இருபதே நிமிடத்தில் கோழி சூப்!’ வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, ஸ்ரீராமபுரத்து வீட்டின் சமையலறையில், சரியாக அடுப்புக்கு நேர் மேலே செலோடேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனவள் தமயந்தி. சங்கமித்ராவின் கணவன் தினேஷுக்கு அக்கா. ராஜாஜிநகரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வந்தவள், போகிற போக்கில் செய்த உபகாரம் இது.

“எங்க நைனா எட்டேகாலுக்குத்தான் மாத்திரை போடறாராம். டாக்டர் ஏழு மணின்னுதானே சொன்னாரு? பாரு மித்ரா, இதுல எவ்ளோ ஈஸியா போட்டிருக்கான். ஒரு பத்து வரி கூட இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் படியிறங்கினாள். சங்கமித்ராவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் நாத்தனாரை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

விஷயம் இதுதான். மாமனார் கோவிந்தப்பாவுக்கு நிமோனியா வந்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு மாசத்துக்கு ராத்திரி மாத்திரைக்கு முன்னால் சூடாகக் கோழி சூப் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சங்கமித்ரா பீன்யாவில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஐந்தரைக்கு விடுவார்கள். பஸ்ஸில் தொங்கி, வழியில் கோழி வாங்கி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும். அதன்பிறகு கழுவி, நறுக்கி, உரித்து, இடித்து, வேகவைத்து, வடிகட்டி மாமனார் கையில் கிண்ணத்தைக் கொடுக்க எட்டேகால் ஆகும். தினேஷோ மல்லேஸ்வரத்தில் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டர். நாலு மணிக்கு மணி அடித்தால் நாலரைக்கு வீட்டில் இருப்பான். இருந்து? பேப்பர் படிப்பான். டிவியில் நேற்றைய கிரிக்கெட்டை மறுபடியும் பார்ப்பான். அவன் மேல் தப்பு இருப்பதாக அந்த வீட்டில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தோன்றவில்லை.

இது மட்டும் என்றால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள். அந்த வாரம் பார்த்துத்தான் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர் வெங்கடராமன் அவளைக் கூப்பிட்டு, லைன் சூப்பர்வைசராகப் போட விரும்புவதாகச் சொன்னார். நாற்பது மிஷின், நாற்பது பெண்கள். ஏழரை வரை இருக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

அந்த வேலை சும்மா வரவில்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால் டைம் ஸ்டடி ஆபீசர் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு அவள் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். ஊசி இறங்கியதும் வாட்ச்சை அமுக்கினார், ஊசி ஏறியதும் நிறுத்தினார். ஒரு காலருக்கு ஐம்பது செகண்ட் என்று எழுதினார். “பண்டலைப் பிரிக்கிறது யாரு சார்? நூல் அறுந்தா கோக்கறது யாரு, நீங்களா?” என்று சங்கமித்ரா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த வெங்கடராமன், முதலிலிருந்து மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். டார்கெட் குறைந்தது. அதிலிருந்துதான் அவருக்கு அவள் மேல் ஒரு மதிப்பு.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் வேலையைப் பற்றிச் சொன்னபோது தினேஷ் சிரித்தான். சூப் வடிகட்டுகிறவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துச் சிரித்தான். சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தைக் கட்டை விரலால் காட்டினான்.

“இருபது நிமிஷ சூப்பை ஒன்றரை மணி நேரம் உருட்டறே. நீ நாப்பது பேரை மேய்க்கப் போறியா? வேணாம்னு சொல்லிட்டு வா மித்ரா. நைனாவுக்கு யாரு பாப்பாங்க? பேஜார் பண்ணாதே.”

அவளுக்கு வேணாம் என்று சொல்லச் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தனக்குக் கை வேகம் போதாது என்று ஒரு பத்திரிகைத் துண்டை வைத்து நிரூபித்த மாதிரி அவன் சிரித்தானே, அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டாள். விடிந்ததும் அந்தப் பக்கத்தின் முன்னால் போய் நின்று, வரி வரியாகப் படித்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போது அவள் கண் ‘தேவையான பொருட்கள்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மூன்றாம் தடவை படித்துவிட்டு, அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னாள்.

“ஏங்க, நாளைக்கு வியாழக்கிழமை. நான் பர்மிஷன் போட்டு சீக்கிரம் வரேன். நீங்க இந்த சூப்பைப் பண்ணுங்க. இருபது வேணாம், நாப்பது நிமிஷம்னே வெச்சுக்குங்க. அதுக்குள்ள மாமா கையில கிண்ணம் போயிடுச்சுன்னா, வெள்ளிக்கிழமை வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

“போகலைன்னா?”

“போகலைன்னா கையெழுத்துப் போடுவேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

தினேஷுக்கு ஏக குஷி. லேபில் ஆசிட் அளந்து ஊற்றுகிறவன் நான், தண்ணியில கோழி போடத் தெரியாதா என்று மார்தட்டினான். அன்றைக்கே போன் போட்டு அக்காவை சாட்சிக்கு வரச் சொன்னான். தமயந்தியும் வந்தாள். தம்பி ஜெயிக்கிறதைப் பார்க்க வராமல் இருப்பாளா?

வியாழக்கிழமை ஐந்து பத்துக்கு சங்கமித்ரா முக்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, கையில் பேனா, எதிரே சுவர்க் கடிகாரம். ஹாலில் கட்டிலில் சாய்ந்திருந்த கோவிந்தப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

“ஆரம்பிக்கலாமா?” என்றாள்.

தினேஷ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். “சுத்தம் செய்து நறுக்கிய கோழி கால் கிலோ.” ஃபிரிட்ஜைத் திறந்தான். மூடினான். “கோழி எங்க?”

“கடையில.”

“கோழியை வாங்கி வெச்சுக்கிட்டுத்தானே ஆரம்பிக்கணும்?”

“தினமும் எனக்கு யாரு வாங்கி வெச்சாங்க?”

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பாய் கடையில் கூட்டம். சூப்புக்கு என்று சொல்லத் தெரியாமல் எலும்பில்லாத சதையாக வாங்கி வந்து, எலும்பு இல்லாமல் சூப்பா என்று கட்டிலிலிருந்து நைனா கத்த, மறுபடி ஓடிப் போய்க் கழுத்தும் நெஞ்செலும்புமாக வாங்கி வந்தான். அப்போது மணி ஐந்து ஐம்பது. சங்கமித்ரா எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள். டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு மூன்று தடவை கழுவினான். மஞ்சள் போட்டுக் கழுவணும் என்று தமயந்தி சொன்னதும் நாலாவது தடவையும் கழுவினான். குக்கரைத் தேடினான். அடியில் காலைச் சோறு ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

“இதைக் கழுவி வைக்க மாட்டியா?”

“காலையில சோத்தைப் போட்டுத் தின்னுட்டு நீங்கதானே கடைசியா வெச்சீங்க” என்றாள். அதையும் எழுதினாள்.

தினேஷின் கழுத்தில் வேர்வை ஓடியது. சுவரிலிருந்த பக்கத்தின் மேல் விரலை வைத்து அடுத்த வரியைப் படித்தான். “தோல் உரித்த பூண்டு பத்துப் பல்.” அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தான். கடுகு, வெந்தயம், பெருங்காயம். எல்லாவற்றையும் மூடினான். திரும்பி அவளைப் பார்த்து நிஜமாகவே கேட்டான்.

“உரிச்ச பூண்டு எந்த டப்பால வெச்சிருக்கே?”

சங்கமித்ரா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கை. இந்த மனுஷன் தின்ற ரசத்துக்கும் குழம்புக்கும் சூப்புக்கும் எத்தனை பூண்டு உரித்திருப்பாள்! அது எங்கோ ஒரு டப்பாவில் உரித்தபடியே விளைகிறது என்றா நினைத்துக்கொண்டிருந்தான்? அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

“உரிச்சாத்தாங்க அது உரிச்ச பூண்டு! அந்தப் பேப்பரைக் கொஞ்சம் நல்லாப் படிங்க. சுத்தம் செய்த கோழி. யாரு செஞ்சது? பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். யாரு நறுக்குனது? இடித்த மிளகு, ஆய்ந்து அலசிய கொத்தமல்லி. எவ வந்து ஆய்ஞ்சு குடுத்துட்டுப் போனா? எல்லாத்தையும் ஒருத்தி செஞ்சு முடிச்சு தட்டுல வெச்சதுக்கு அப்புறம் வாட்ச்சை அமுக்கிட்டு, இருபது நிமிஷம்னு போட்டிருக்கான். எங்க கம்பெனியில இந்தத் திருட்டு வேலை செஞ்சவனை நான் எல்லார் முன்னாடியும் கேள்வி கேட்டேன். என் வீட்டுச் சுவத்துல அதையே கொண்டாந்து ஒட்டியிருக்கீங்க!”

தமயந்தி மெல்ல எழுந்து வந்து ஒரு பூண்டைக் கையில் எடுத்தாள்.

“அண்ணி, வைங்க. நான் உரிக்கும்போது நீங்க யாரும் உக்காரலை.”

தமயந்தி வைத்துவிட்டாள். முந்தானையைத் திருகிக்கொண்டே, “நிஜத்தைச் சொல்லணும்னா நான் இதை இன்னும் ஒரு தடவைகூடப் பண்ணிப் பாக்கலை மித்ரா. படம் நல்லா இருந்துச்சு, கத்தரிச்சேன்” என்றாள். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கமித்ரா அதற்காகப் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை.

தினேஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தான். நகக்கண்ணில் எரிந்தது. சின்ன வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டான். கசக்கிய கையால் மறுபடி கசக்கினான். நாற்பது நிமிடம் எப்போதோ போய்விட்டது, அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. மிளகை இடித்தபோது பாதி உரலில், பாதி தரையில். ஆறு நாற்பதுக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றினான். விசில் வந்து, அடங்கி, வடிகட்டி, கொத்தமல்லி தூவி, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனபோது கடிகாரம் ஏழு காட்டியது.

“ஒரு மணி அம்பது நிமிஷம்” என்றாள் சங்கமித்ரா. “அடுப்புல வெச்சதுலேர்ந்து பாத்தா இருபதே நிமிஷம்தான். பேப்பர்காரன் அதுல மட்டும் பொய் சொல்லலை.”

தினேஷின் தலைமுடியில் கொத்தமல்லி ஒட்டியிருந்தது.

கோவிந்தப்பா கிண்ணத்தை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாகப் பசியோடு ஏழு மணியிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகளிடம் போனில் முறையிட்டவர். பாதி கிண்ணம் காலியானதும் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

“டேய், மணி ஏழுதானே ஆவுது?”

“ஆமா நைனா.”

“இன்னிக்குத்தாண்டா டைமுக்கு வந்திருக்கு.” மீதியையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். “உப்பு கம்மி. பரவால்ல, நாளைக்குப் பாத்துப் போடு.”

“நாளைக்கா?” என்றான் தினேஷ்.

“நாலரைக்கு வந்துடறே இல்ல? அவ ஏழு மணிக்கு வந்து, அதுக்கப்புறம் பூண்டு உரிச்சு, நான் எப்போ மாத்திரை போடறது? நான் இருமிக்கிட்டே கெடக்கேன், நீ டிவி பாக்கறே. வெக்கமா இல்ல? நானும் சொல்லாம இருந்தேன் பாரு, எனக்கும் புத்தி இல்ல.”

இத்தனை நாள் கழித்து இந்த வார்த்தை வந்ததே என்று சங்கமித்ராவுக்குக் கண் கலங்கியது. நன்றியெல்லாம் வரவில்லை. இது முதல் நாளே வந்திருக்க வேண்டிய வார்த்தை. கைப்பையிலிருந்து கம்பெனிக் கடிதத்தை எடுத்தாள். நேரம் எழுதிய அதே பேனாவால், நோட்டு மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு எழுந்து போய், சுவரில் இருந்த பக்கத்தில் ‘இருபதே’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘நூற்றுப்பத்து’ என்று எழுதினாள். கிழித்துப் போடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தினேஷ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

“எங்க உக்காரறீங்க?” என்றாள் சங்கமித்ரா.

அவன் திரும்பிப் பார்த்தான். தொட்டியில் குக்கர், வடிகட்டி, கத்தி, பலகை, உரல், நாலு கிண்ணம். தரையெல்லாம் பூண்டுத் தோல்.

“அதை அந்தப் பேப்பர்ல போடவே இல்லைங்க” என்றாள். முக்காலியில் மறுபடி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். “நான் இன்னும் டைமை நிறுத்தலை.”