வெறும் வயிறு

சுழல் இயந்திரம் நின்றதும் அவள் ஏழாவது ரத்த மாதிரிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் சிவப்பு படிந்திருந்தது. மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டியது பால் ஊற்றியதுபோல் வெள்ளையாக இருந்தது. ஒட்டியிருந்த சீட்டில் அண்ணன் பெயர்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "உங்கண்ணன் மறுபடியும் ஒரு கட்டு கட்டிட்டு வந்துட்டாரா?"

அந்த ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே ஒரு ரப்பர் முத்திரை இருந்தது: 'சாப்பிட்டு வந்தவர். வெறும் வயிற்றில் மீண்டும் வரவும்.' வெள்ளையைக் கண்டால் யாரும் யோசிப்பதில்லை, குத்திவிடுவார்கள். சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் வெளுக்கும் என்பதால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அண்ணனின் தாளில் அவளே இரண்டு முறை குத்தியிருக்கிறாள். "பச்சத்தண்ணி தவிர எதையும் தொடலம்மா" என்றவரை, "ரத்தம் காட்டிக் கொடுத்துடும்ணே" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்திருக்கிறாள்.

நேற்று அவர் தங்கியது அவள் வீட்டில். எட்டு மணிக்குச் சோறு போட்டது அவள். காலையில் கூட்டி வந்ததும் அவள்தான். இடையில் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான்.

எடுத்த முத்திரையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அண்ணன் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"என்னண்ணே பண்ணுது?"

"வாயு. நாலு நாளா படுத்துது. என்ன, மறுபடியும் திருட்டுப் பட்டமா?"

"சர்க்கரைக்கு இன்சுலின் ஒழுங்கா போடுறீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். "நிறுத்தி அஞ்சு மாசமாச்சு. அதான் இனிப்பையே விட்டுட்டேனே, ஊசி எதுக்குன்னு..."

அவள் டாக்டருக்குப் போன் செய்து, வெளுத்த ரத்தத்தையும் நிறுத்திய ஊசியையும் சொன்னாள்.

"சர்க்கரை மட்டும் இல்லம்மா. இன்சுலின் இல்லேன்னா ரத்தத்துல இருக்கிற கொழுப்பையும் உடம்பு எடுத்துக்காது. அப்படியே தேங்கும். ரொம்ப ஏறினா கணையம் வீங்கிடும். வயித்து வலி இருக்கா?"

"இருக்கு. நாலு நாளா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "உடனே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க. வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க."

முதல் முத்திரை குத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை நினைத்துப் பார்த்தாள். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தாள். கால்களைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். செருப்பு ஒன்று நழுவியது, எடுத்து மாட்டினாள்.

தாழ்வாரத்தில் பாதி தூரம் போனதும் அண்ணன் கேட்டார்: "ரத்தம்தான் குடுத்தாச்சே, ஒரு டீ குடிக்கலாமா?"

"வேண்டாம்ணே."

"நேத்து ராத்திரியிலேருந்து எதுவும் சாப்பிடலம்மா."

"தெரியும்ணே" என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள்.