அல்பேர்ட்டின் எறிபந்து

மன்னாரில் அல்பேர்ட்டின் கிரிக்கெட்டை முடித்து வைத்தது ஒரே ஒரு சொல். "இவன் பந்து வீசேல்லை, எறியிறான்" என்று நடுவர் கையை நீட்டினார். ஒரே ஓவரில் நாலு தடவை நோபோல். அந்த விளையாட்டில் கையை மடக்கி எறிவது குற்றம். கல்லூரி அணியில் இடம் போனது. 'எறியன்' என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது.

நோர்வேக்குப் புலம்பெயர்ந்த பிறகு, ஒஸ்லோவில் மடு மாதா கண் திறந்தா. பேஸ்போலில் எறிவதுதான் உத்தியோகமே. அப்போதுதான் தொடங்கியிருந்த கழகமொன்று, எறிவதற்கென்றே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. தோள்மூட்டு கழன்ற பிறகு அமைப்பாளரானார்; அதாவது, எறிந்ததைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

இப்போது அறுபது வயதில் ஒரே ஆசை, ஒரு தமிழ் பேஸ்போல் அணி. எறியன் என்று சிரித்த சனமே அவரிடம் எறியப் பழக வேண்டும். ஹவுகன்ஸ்டுவா மைதானத்தைத் தர கொமுன, அதாவது நகரசபை, சம்மதித்தது. ஆனால் சனிக்கிழமை முப்பது பேராவது வந்து பெயர் பதிய வேண்டும், இல்லையென்றால் இல்லை.

பேஸ்போல் என்றால் சனத்துக்கு விளங்காதென்று, துண்டுப்பிரசுரத்தில் நல்ல தமிழில் 'எறிபந்து' என்று போட்டார். மனைவி அருள்ராணி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆக்கள் வருவினம், பயப்பிடாதேங்கோ."

அருள்ராணி பள்ளிக்கூடத்தில் ஏதோ ஓர் அணிக்குத் தலைவியாக இருந்தவர். என்ன விளையாட்டு என்று அல்பேர்ட் இன்றுவரை கேட்டதில்லை.

சனிக்கிழமை நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அத்தனை பேரும் பெண்கள். ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் புஷ்பமலர் வலையோடு வந்திருந்தார். ஊரில் பெண்பிள்ளைகள் வலைக்கு மேலால் எறிந்து பிடிக்கிற விளையாட்டுக்கும் அதே பெயர்தான் என்பது அல்பேர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கொமுன அதிகாரி எமிலியாவோ தலைகளை எண்ணி, மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டார். மைதானம் எறிபந்துக்கே.

"முதல் பந்தை நீங்களே எறியுங்கோ அண்ணை" என்றார் புஷ்பமலர்.

அல்பேர்ட் உடனே முன்னால் வந்தார். விளையாட்டு எதுவானால் என்ன, எறியச் சொல்லிக் கேட்கிறார்களே! பந்தை வாங்கினார். முழங்காலை உயர்த்தினார். கையைப் பின்னால் கொண்டுபோய், வலையை ஆற அமர ஒருமுறை முறைத்தார்.

விசில் சத்தம் கேட்டது. கையை நீட்டியபடி நடுவராக அருள்ராணி நின்றார்.

"பிழை. பந்து கைக்கு வந்தால் மூண்டு செக்கனுக்குள்ளை விடவேணும். இஞ்சை இப்பிடி எறியேலாது."

அல்பேர்ட் பந்தைப் புஷ்பமலரிடம் கொடுத்தார். அவர் எறிந்தார். யாரும் கையை நீட்டவில்லை.