வாய் மட்டும் உள்ளே

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கல்லூரி ஆண்டு மலருக்கு 'மலாக்காவில் மாணவன் விரும்பிப் போகும் இடங்கள்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி யாழ்ப்பாணத்து அம்பிகைபாகன் மாஸ்டர் கேட்டார். மலரைப் பெரிய அதிகாரிகள் பார்ப்பார்களாம். அவசரகாலம் என்றாலும் மலாக்கா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். சிரிக்க வைக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் தொடக்கம்: "செயின்ட் பால் குன்றின் மேல் நின்றால் கடற்காற்று வந்து நம்மை

(விட்டுவிட்டேன். அதே காற்றைப் போன வருட மலரில் மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "உம்பாய்க் கடலோரத்தில் சுட்ட மீனைத் தின்றவன் அதை

(மீன் நன்றாகத்தான் இருந்தது. கூட வந்த வீரமுத்து தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். கட்டுரை அங்கேதான் கெட்டது.)

2

வீரமுத்து வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு. சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். அவன் பெயரும் அதுவல்ல. என் பெயர் ஷம்சுதீன் என்பது மட்டும் உண்மை. யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் பாச்சாங்கில் என் அத்தா கடைக்கு வரலாம்.

"அம்மா கைச்சோறு தின்னு மூணு மாசம் ஆச்சுடா," என்றான். "இதத் தின்னா அது மறந்துடும்."

வாசகருக்கு விளக்கம் வேண்டும். (கதை எழுதுகிறவர்கள் விளக்கக்கூடாது என்பார்கள். அவர்கள் வேலிக்கு வெளியே இருக்கிறவர்கள்.) அவன் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே முள்கம்பி வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். வீரமுத்துவின் அடையாளக் கார்டில் விடுதி விலாசம். ஆகவே அவன் அந்நியன். உள்ளே போகத் தோட்ட ஆபீசில் பாஸ் வாங்க வேண்டும். ஆபீசுக்கு ஞாயிறு விடுமுறை. எங்களுக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை. அன்றைக்கு உள்ளே இருப்பவர்களையும் வெளியே விடுவதில்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலியைத் தாண்டி ஒரு பருக்கை சோறும் வரக்கூடாது. வந்தால் கொடுத்தவருக்கு ஜெயில்.

"கார்ட மாத்திக்கப் போறேன்," என்றான். "தோட்டத்து விலாசம் போட்டா உள்ள போயிடலாம்."

"திரும்பி காலேஜுக்கு?"

அவன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

3

அடுத்த ஞாயிறு நானும் அவனோடு பஸ் ஏறினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படிப்பை விடுவதாக அவன் திட்டம். அத்தா கடையிலிருந்து ஒரு பால் டின் எடுத்துப் போனோம்.*

(* பதுக்க முடியாதபடி டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு. அத்தா தன் மகனுக்கும் ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார். போய்ச் சேர்ந்தபோது பால் குடித்தவை எறும்புகள். அவற்றிடம் கார்டு இல்லை.)

வேலிக்கு உள்ளே மாரியம்மா நின்றார், வீரமுத்துவின் அம்மா. கையில் மங்குத் தட்டு. சோறும் மீன்குழம்பும். கொடுக்க முடியாது என்று தெரிந்தும் வாராவாரம் கொண்டுவருவாராம்.

"கார்ட மாத்தி உள்ள வந்துர்றேம்மா."

"வந்துதான் பாரேன். வெளக்கமாறு பிஞ்சிடும். நா இந்தக் கம்பிக்குள்ள கெடக்கறது பத்தாதா?"

"மூணு மாசமா நீயும் தட்டத் தூக்கிட்டு வர்ற. நானும் பாத்துட்டுப் போறேன். எத்தன நாளைக்கு?"

மாரியம்மா கம்பியைப் பார்த்தார். ஓரிடத்தில் இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு தலை நுழையும் இடைவெளி.

"நீ வராத," என்றார். "வாய் மட்டும் வரட்டும்."

வீரமுத்து குனிந்து தலையை உள்ளே விட்டான். முள் காதைக் கிழித்தது.

காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முனியாண்டி ஓடிவந்தார். அதே தோட்டத்துக்காரர். "பெரிம்மா! சோறு வெளிய போகக்கூடாது! எனக்கு வேல போயிடும்!"

"போச்சா? கண்ணத் தொறந்து பாரு. தட்டு உள்ள. எங் கை உள்ள. இவன் மண்ட உள்ள. ஒடம்பு வெளிய நிக்குது, அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"வாய்க்குப் பாஸ் வேணுமாண்ணே?" என்று நான் கேட்டேன்.

முனியாண்டி உண்மையாகவே யோசித்தார். "வாயப் பத்தி ஆர்டர்ல ஒண்ணும் இல்ல லா." பிறகு அவர் முகம் மாறியது. "ஆனா முழுங்குனா? வயிறு வெளியதானே நிக்குது?"

மாரியம்மா சோற்றை உருட்டினார். ரோட்டில் ஜீப் சத்தம்.

4

முனியாண்டி மேல் எனக்கே சந்தேகம். துப்பாக்கி வைத்திருப்பவர் இவ்வளவு யோசிப்பாரா? கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். அப்படியும் ஊர்ப் பேச்சு மாறாமல் "லா" போட்டுத்தான் பேசினார். விட்டுவிட்டேன்.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

ஜீப்பிலிருந்து சார்ஜன்ட் இறங்கி மாரியம்மாவைப் பிடித்துப் போகிறார். ஒரே வரியில் முடிந்தது. சர்க்காருக்குக்கூட ஜீப், பெட்ரோல், ஆள் வேண்டும். எனக்குப் பேனா போதுமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

சார்ஜன்ட் கண் கலங்கி, தானும் ஒரு வாய் கேட்கிறார். எழுதிய கையோடு வெட்கமாகிவிட்டது.

வீரமுத்து தலையை வெளியே இழுத்துக்கொண்டு, மறுநாள் கார்டை மாற்றப் போ

இதை முடிக்க மாட்டேன். மை இருக்கிறது. கொடுக்க மாட்டேன்.

5

மாஸ்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன காணும் இது? இடங்களை எழுதச் சொன்னால் வேலியை எழுதியிருக்கிறீர்."

"மாணவன் விரும்பிப் போகும் இடம்தான் சார். வாராவாரம் பஸ் ஏறிப் போகிறான். குன்றுக்கு யார் அப்படிப் போகிறார்கள்?"

"வேலியை எடுத்துவிட்டுக் கோட்டை வாசலைப் போடும்."

"முடியாது சார்."

"அதிகாரிகள் கேட்டால்?"

"கதை என்று சொல்லுங்கள்."

"கதைக்கு முடிவில்லையே. சோறு வயிற்றுக்குப் போனதா, இல்லையா? முதலில் அதைத்தான் கேட்பினம்."

எனக்கு விடை கிடைத்தது அப்போதுதான். அவர்கள் கேட்கப் போவது அதைத்தான் என்றால், நான் எழுதக்கூடாததும் அதைத்தான்.

6

ஆகவே ஜீப் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. உருண்டை மாரியம்மா விரல்களில் இருக்கிறது. நான் முற்றுப்புள்ளி வைக்காதவரை ஒரு பருக்கையும் வேலியைத் தாண்டவில்லை. வழக்குப் போட ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் வீரமுத்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காதில் கீறல். சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டதாக ஆசிரியரிடம் சொன்னான். காதில் என்ன சவரம் என்று அவர் கேட்கவில்லை. "வர்ற ஞாயிறும் வர்றியாடா? அம்மா ஒன்னையும் தல நீட்டச் சொல்லுச்சு," என்றான் என்னிடம்.

முடிவு வேண்டும் என்பவர்கள் நீங்களே முடித்துக்கொள்ளலாம். கீழே உங்கள் பெயர், கார்டு எண், விலாசம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வழக்குக்குச் சாட்சி வேண்டுமே. என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்:

ஜீப் வளைவில் திரும்பியது, மாரியம்மா கையை நீட்டினார், வீரமுத்து வாயைத் திறந்தான், சோறு