சகாயராணி இருக்கும் திசை

சகாயராணியின் முகத்தைச் சுட்டிக்காட்டிய விரல் எதுவும் அதன்பிறகு மடங்கவில்லை. அதியமான்கோட்டையில் முதலில் நின்றுபோனது அவளுடைய அத்தை லூர்தம்மாளின் விரல். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "என்னாடி இது, மூஞ்சில கடுகு தாளிச்சு கொட்டுன மாதிரி?" என்று அத்தை அவள் கன்னத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். நீட்டியது நீட்டியபடி இருந்தது. எண்ணெய் நீவியும் ஒத்தடம் கொடுத்தும் பார்த்தார்கள். மறுநாள்தான் இன்னொன்று தெரிந்தது. சகாயராணி எந்தப் பக்கம் இருக்கிறாளோ அந்தப் பக்கமாக விரல் திரும்பிக்கொண்டது. அவள் நெடுஞ்சாலை பேக்கரிக்கு பில் போடப் போனால் ரோட்டைக் காட்டியது. கொல்லையில் துணி காயப்போட்டால் கொல்லையைக் காட்டியது. அம்மா ராயம்மாள் நாத்தனாரின் கையைப் பார்த்து, மகள் பேக்கரியிலிருந்து கிளம்பிவிட்டாள் என்று உலை வைக்கப் பழகினாள்.

பால்காரர் நஞ்சப்பன் "பருவுக்குப் பப்பாளி தேய்ம்மா" என்று விரலை நீட்டினார். பிறகு பால் படியை நாலு விரலால் பிடித்தார். பேக்கரிக்கு வந்த லாரிக்காரர் ஒருவர், "முட்டை பஃப்ஸ் தின்னா இப்பிடித்தான் கண்ணு" என்றுவிட்டுத் தெற்கே போனார். நாமக்கல் வரைக்கும் அவர் விரல் பின்பக்கமே காட்டிக்கொண்டு போனதாகக் கிளீனர் வந்து சொன்னான். இத்தனைக்குப் பிறகும் யாரும் நிறுத்தவில்லை. விரலை இழந்தாலும் இழப்பார்கள், அவள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக அவர்களால் ஆகவில்லை. கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வராதவர்கள்கூடத் தன் முகத்துக்குள் மட்டும் செருப்போடு நடந்து போகிறார்கள் என்று சகாயராணி நினைத்தாள். விரல்கள் விறைத்ததில் அவளுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போது தன் கையையும் இறுக மூடியே வைத்திருந்தாள். தன்னையும் அவள் நம்பவில்லை.

தருமபுரியில் தோல் டாக்டரம்மா அவளைத் தொட்டுப் பார்த்தார், விரலை நீட்டவில்லை. பப்பாளியும் இல்லை, பஃப்ஸும் இல்லை என்றார். தோலில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் அடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. வயதின் ஹார்மோன் அதை முடுக்கிவிடுகிறது. உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் எண்ணெயோடு குழைந்து துளையின் வாயை அடைக்கிறது. எப்போதும் அங்கே குடியிருக்கும் கிருமி அடைபட்ட எண்ணெயில் பெருகுகிறது, உடம்பு அதோடு சண்டை போடுகிறது, அந்தச் சண்டைதான் சிவப்பும் சீழும். காலையில் பூச ஒரு ஜெல், அது கிருமியைக் கொல்லும். ராத்திரிக்கு ஒரு ஜெல், அது அடைப்பைத் திறக்கும், புதிய அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்ளும். பட்டாணி அளவுதான், பருவின் மேல் மட்டும் இல்லை, முகம் முழுக்க மெல்லிசாக. வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். முதலில் காயும், எரியும், கூடுதலாகக்கூட வரும். "மூணு மாசம் யாரு பேச்சும் கேக்காத" என்றார்.

அந்த மூன்று மாதத்தைத்தான் வீடு கொடுக்கவில்லை. கம்பைநல்லூரிலிருந்து பெண் பார்க்க வரச் சொல்லி அப்பா யாகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். இதற்கிடையில் காலை ஜெல் பட்ட நீலத்துண்டு, பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போனதை லூர்தம்மாள் கண்டுபிடித்தாள்.

"அடியே ராயம்மா, துண்டையே வெள்ளையாக்குது பாரு! இத வெச்சிக்கிட்டா இவ பட்டாணி பட்டாணியா தடவிட்டு இருக்கா?"

அது துணியின் சாயத்தை எடுக்கும், தோலின் நிறத்தை எடுக்காது என்று சகாயராணி சொன்னாள். கேட்க ஆளில்லை. அவர்கள் வரும் நாள் காலை, அம்மா அந்த ஜெல் குழாயை முழுசாகப் பிதுக்கி அவள் முகத்தில் மாவு மாதிரி அப்பினாள். அத்தை நீட்டிய விரலோடு பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள். எழுந்து போயிருக்கலாம். பேசிப் பேசிச் சலித்துப்போய் அவள் உட்கார்ந்தே இருந்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அப்படி உட்கார்ந்திருந்ததைத்தான் பின்னாளில் அவளால் பொறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அவள் முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "ஏனுங்க, போட்டோவுல வேற பொண்ணுங்களா?" என்று விரலை நீட்டினாள். காபி டம்ளரை வாங்க அதே கையைக் கொண்டுவந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"சும்மா மடக்குங்கம்மா" என்றான் மகன்.

"மடங்குனா மடக்க மாட்டனாடா!"

அப்போது சகாயராணி வாயைத் திறந்தாள். "இது என்ன மூஞ்சியா, ஊரு பொறம்போக்கா? வர்றவங்க போறவங்க எல்லாம் அளந்துட்டுப் போறீங்க! ஆளுக்கு ஒரு வைத்தியம், ஆளுக்கு ஒரு பேச்சு. எரியறது யாருக்கு? மூணு மாசம். மூணே மாசம் என் மூஞ்சிய எங்கிட்ட உடுங்க." கூடத்தில் இருந்த விறைத்த விரல்கள் அத்தனையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ராயம்மாள் ஏதோ சொல்ல வந்து, தன் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

எரிச்சல் ஆறும்வரை இரண்டு ஜெல்லையும் நிறுத்தச் சொன்னார் டாக்டர். பிறகு புதுக் குழாய் வாங்கி, சகாயராணி முதலிலிருந்து தொடங்கினாள். முகம் காய்ந்தது, புதிதாகச் சில வந்தன. வீட்டில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மழைக்காலம் முடியும் நேரத்தில் கன்னம் சமமானது. தாடையோரம் சில கருந்தழும்புகள் நின்றன. அவற்றைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

விரல்கள்தான் மடங்கவில்லை. பங்குச் சாமியார் ஜோசப் ராஜ் அவளைக் கூப்பிட்டு, மன்னித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். "நான் தூக்கி உடலீங்க ஃபாதர். தூக்குனவங்களையே எறக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் பிடிக்கப் போனாள். அடுத்த மாதம் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அதியமான்கோட்டையின் விரல்கள் எல்லாம் வடக்கே, ஓசூர்ப் பக்கம் காட்டுகின்றன. பனி இறங்கிய காலைகளில் வழி தெரியாமல் டிரைவர்கள் வண்டியை நிறுத்தி பெங்களூர் எந்தப் பக்கம் என்று கேட்டால், கடைக்காரர்கள் வாய் திறப்பதில்லை. லூர்தம்மாளைக் கூப்பிட்டு ரோட்டோரம் நிறுத்துகிறார்கள். டிரைவர்கள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விரல் காட்டும் பக்கம் ஓட்டிப் போகிறார்கள்.